மூன்று மணி நோட்டு

எங்கள் வீட்டின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் ரப்பர்த் தோட்டம். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு, குலசேகரம் பக்கத்தில் பல வீடுகள் அப்படித்தான். விடிகாலை மூன்று மணியைத் தாண்டினால் பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நகர்வது தெரியும். 2016, 2017 வருஷங்களில் அந்த விளக்குகளை நான் பார்க்காத வாரம் இல்லை. மடியில் மகள் உட்கார்ந்தபடியே தூங்குவாள். படுக்கவைத்தால் இருமல். தோளில் நிமிர்த்திப் பிடித்தால் சற்று அடங்கும். ஒவ்வொரு மரத்தடியிலும் விளக்கு கொஞ்சம் நின்று நகரும். அதைப் பார்த்துக்கொண்டே விடியட்டும் என்று உட்கார்ந்திருப்பேன்.

அப்போது அவளுக்கு மூன்று வயது. பகலில் பார்த்தால் நோய் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முற்றத்தில் கோழியைத் துரத்துவாள், புட்டும் பயறும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். காலை பத்து மணிக்கு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சு கிளியரா இருக்கே" என்பார். சளி மருந்து எழுதுவார், சில தடவை ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்து. ஒரு வருஷத்தில் ஏழு முறை ஆன்டிபயாட்டிக் குடித்திருக்கிறாள். சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கே அந்த எண்ணிக்கை தெரிந்தது.

நான் போய்ச் சொன்னதும் ஒரே ஒரு வரிதான்: "ராத்திரி ஒரே இருமல், டாக்டர்." பகலில் சிரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரியில் எந்த டாக்டரும் என்ன கண்டுபிடிக்க முடியும்?

பிறகு நாகர்கோவிலில் இன்னொரு குழந்தை மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் என்னிடம் கேட்டார். எத்தனை மணிக்கு எழும்புறா? வாரத்துக்கு எத்தனை நாள்? இருமல் மட்டுமா, விசில் மாதிரிச் சத்தமும் உண்டா? அந்தச் சத்தம் மூச்சை விடும்போதா, இழுக்கும்போதா? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. இத்தனை இரவு கண்விழித்தும் ஒன்றையும் கவனிக்காமல் இருந்துவிட்டேனே என்று அழுகை வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "மூணு வாரம் எழுதிக்கொண்டு வாங்க. முடிஞ்சா ராத்திரி ஒரு வீடியோ எடுங்க" என்றார்.

வீட்டில் பாதி எழுதிப் போட்ட ஒரு நோட்டு கிடந்தது. அதில் ஆரம்பித்தேன். தேதி, எழும்பிய நேரம், இருமல் வறட்டுதானா சளியோடா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, என்ன மருந்து கொடுத்தேன், எவ்வளவு நேரத்தில் அடங்கியது. கடைசிப் பத்தியில் அன்றைக்குப் பகலில் வித்தியாசமாக என்ன நடந்தது. விருந்துக்குப் போனோமா, மழையா, வீட்டில் வெள்ளையடித்தார்களா, எதுவானாலும். என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில். எங்களுக்கு மூன்று மணி என்றால் அவருக்கு ஒன்றரை. எழுதி முடித்ததும் பக்கத்தை போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிவிடுவேன். காலையில் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்.

மூச்சு எண்ணுவது சுலபம் என்றுதான் நினைத்தேன். முதல் நான்கு நாள் எழுதியது எல்லாம் தப்பு. போர்வைக்கு மேலே பார்த்து எண்ணியிருக்கிறேன். நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி சட்டையைத் தூக்கிவிட வேண்டும். வயிறு ஒரு தடவை எழும்பித் தாழ்ந்தால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் சரியாக வராது, ஏனென்றால் சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக ஓடுவதில்லை. அழும்போதும் காய்ச்சல் கொதிக்கும்போதும் எண்ணினால் கணக்கு ஏறித்தான் இருக்கும். தூங்கும்போது எண்ணுவதுதான் நம்பத்தக்கது.

உலக சுகாதார நிறுவனம் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்காக வகுத்த அளவு ஒன்று இருக்கிறது. பிறந்து 2 மாதம் ஆகாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் 5 வயது வரை 40. இதைத் தொட்டாலே வேகமூச்சு என்று கணக்கு. ஆனால் நான் எல்லோரிடமும் சொல்வது, பிள்ளை நன்றாக இருக்கிற ஒரு இரவிலும் எண்ணி எழுதி வையுங்கள் என்றுதான். என் மகளுக்கு நல்ல இரவில் 24, 26. மோசமான ஒரு இரவில் 44. அந்த 24 நோட்டில் இருந்ததால்தான் 44 என்றால் என்ன என்று எனக்கு உடனே புரிந்தது.

இந்த எண்ணிக்கையில் நான் மூழ்கிப்போயிருந்த ஒரு இரவில் மாமி, என் வீட்டுக்காரரின் அம்மா, எழும்பி வந்தார்கள். "எண்ணிக்கிட்டே இருக்காதே மக்களே, விலாவைப் பாரு" என்று டார்ச்சை வாங்கிப் பக்கவாட்டில் அடித்துக் காட்டினார்கள். மகள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் கடைசி விலா எலும்புக்குக் கீழே தசை குழிந்து உள்ளே போனது. கழுத்தெலும்புக்கு மேலேயும் ஒரு சின்னக் குழி. "எங்க காலத்துல விலா இழுக்குதுன்னா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அந்த நிமிஷமே ஓடணும்னு சொல்லுவாங்க." மாமி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள். அவர்கள் விலா இழுப்பு என்று சொன்ன அதே அடையாளத்தைத்தான் இன்றைக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூச்சுக்குழாய் சுருங்கியதால் காற்று எளிதாக உள்ளே போகவில்லை, உடம்பு வலுக்கட்டாயமாக இழுக்கிறது, அதனால் மெலிந்த இடமெல்லாம் உள்ளே குழிகிறது. அன்றிரவு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மருந்தை ஆவி மாதிரி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் வைத்து, ஆக்ஸிஜன் வைத்து, விடிந்த பிறகுதான் மூச்சு தணிந்தது. மாமி எழும்பி வராமல் இருந்திருந்தால் நான் 44 என்று எழுதிவிட்டு இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் சிலவற்றை எழுதி ஒட்டினேன். விலா குழிவது, மூக்கின் ஓரங்கள் விரிந்து விரிந்து மூடுவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் பாதியில் மூச்சு வாங்குவது, தண்ணீர் குடிக்க முடியாமல் போவது, உதடோ நாக்கோ நீலம் பாரிப்பது, பிள்ளை சோர்ந்து மயங்குவது. இதில் ஒன்று தெரிந்தாலும் நோட்டை மூடிவிட்டு டாக்டர் எழுதிக் கொடுத்த பம்பை, அதாவது இன்ஹேலரை, கொடுத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன்: விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்து, பிள்ளை தெளியாமலே சத்தம் மட்டும் நின்றுபோனால், அடங்கிவிட்டது என்று நினைக்கக் கூடாது. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம்.

சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகியதுதான் எனக்கு இந்த வருஷங்களில் கிடைத்த பெரிய பயிற்சி. மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து வரும் மெல்லிய விசில்தான் நாம் வீசிங் என்கிற இழுப்பு. உள்ளே இழுக்கும்போது தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தமும், நாய் குரைப்பது போன்ற இருமலும், கம்மிய குரலும் சேர்ந்து வந்தால் அது வேறு. குரல்வளைப் பக்கம் வைரஸால் வீங்குவது, பெரும்பாலும் நடு இரவில்தான் ஆரம்பிக்கும், அதற்கு வைத்தியமும் வேறு. பிள்ளை அமைதியாக இருக்கும்போதே அந்தக் கரகரப்பு கேட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குறட்டை மூன்றாவது வகை. அது மூக்குக்கும் தொண்டைக்கும் இடையில் பிறப்பது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் நிறைய நாள் தப்பாகக் கேட்டுவிட்டேன். தினமும் சளியோடு வரும் இருமல் நான்கு வாரத்தைத் தாண்டினால் இழுப்பு என்றே முடிவு கட்டிவிடாமல் வேறு காரணம் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் கூடவே காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்தால் காசநோய்ப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீடியோவுக்கும் ஒரு முறை உண்டு. லைட்டைப் போட்டு, சட்டையைக் கழற்றி, முகத்திலிருந்து தொப்புள் வரை தெரிகிற மாதிரி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு நிமிடம். மின்விசிறி ஓடினால் போனில் அந்த இரைச்சல்தான் பதிவாகும். நான் எடுத்துக்கொண்டு போன முதல் வீடியோவை டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். மூன்று வார நோட்டைப் புரட்டினார். 21 இரவுகளில் 11 இரவு எழும்பியிருக்கிறாள், அதில் 9 இரவு இரண்டு மணிக்கும் நான்கரை மணிக்கும் நடுவில். "இது ஆஸ்துமாதான்" என்றார். நான்கு வாரத்தில் ஒரே ஒரு இரவு இழுப்பாலோ இருமலாலோ எழும்பினாலும் நோய் முழுக் கட்டுக்குள் இல்லை என்றுதான் டாக்டர்கள் கணக்கெடுக்கிறார்கள். நானோ வாரத்தில் மூன்று நான்கு இரவு என்பதையே பழகிப்போய் வைத்திருந்தேன்.

ஏன் இரவில் என்று அவரிடமே கேட்டேன். உடம்பில் வீக்கத்தைத் தணிக்கும் கார்டிசால் நடு இரவை ஒட்டித்தான் மிகக் குறைவாக இருக்கும். மூச்சுக்குழாயை விரித்து வைக்கும் அட்ரினலினும் இறங்கிவிடும். ஆரோக்கியமான ஆளுக்கும்கூட மூச்சுக்குழாய் விடிகாலை நான்கு மணி வாக்கில்தான் மிகவும் குறுகியிருக்கும். சாதாரண ஆளுக்கு அது தெரியாது. ஏற்கெனவே வீங்கிய குழாய் உள்ள பிள்ளைக்கு அது போதும். அத்தோடு படுத்திருக்கிறோம், மூக்குச்சளி தொண்டைக்கு இறங்குகிறது, முகம் தலையணையில் புதைந்திருக்கிறது. 1698-இலேயே ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கில மருத்துவர், தனக்கே இருந்த ஆஸ்துமாவை வைத்து, இரவில் முதல் தூக்கம் கலைகிற நேரத்தில்தான் இது வரும் என்று எழுதியிருக்கிறார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் இதே நேரத்தில் விழித்திருந்து இதைக் கவனித்திருக்கிறார் என்று தெரிந்தபோது, ஏனோ எனக்கு ஆறுதலாக இருந்தது.

நோட்டின் கடைசிப் பத்தி, அதாவது பகலில் என்ன நடந்தது என்ற பத்தி, இரண்டாவது மாதத்தில்தான் பேச ஆரம்பித்தது. ஷார்ஜாவிலிருந்து அவர்தான் முதலில் கவனித்தார். "கிழமையைப் பாரு" என்றார். எழும்பிய இரவுகளில் பாதிக்கு மேல் செவ்வாயும் வெள்ளியும். அந்த இரண்டு நாளும் விளக்கு வைத்ததும் மாமி சிரட்டைக்கரியில் சாம்பிராணி போட்டு எல்லா அறைக்கும் காட்டுவார்கள். பிள்ளையின் ஈரத்தலைக்கும் காட்டுவார்கள். எனக்கு இதை மாமியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர்கள் அன்போடு செய்வது அது, பிள்ளைக்குச் சளி பிடிக்கக் கூடாது என்றே செய்வது. கடைசியில் நோட்டை அவர்களிடமே கொடுத்து, தேதிக்கு நேரே கிழமையை எழுதித் தரச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர்கள் இடையில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த வாரத்திலிருந்து சாம்பிராணி முற்றத்துத் துளசி மாடத்தோடு நின்றது.

கொசுவர்த்திச் சுருளை நான் நிறுத்தினேன். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் அதிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. அதை மூடிய அறையில் பிள்ளையின் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். கொசுவலைக்கு மாறினோம். பின்னால் தள்ளி, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் ஒரு கொட்டகை இருக்கிறது. அதை நம்மால் நிறுத்த முடியாது, காற்று அந்தப் பக்கத்திலிருந்து வரும் நாளில் ஜன்னலை மூடுவதோடு சரி. அடுப்படியில் கொதும்பும் கதம்பலும் வைத்து எரிக்கிற விறகடுப்பு சோறு வடிக்க மட்டும் என்றாகி, பிறகு வெளிப்புரைக்குப் போய்விட்டது.

தலையணைதான் பெரிய பாடு. என் அம்மா ஈத்தாமொழியிலிருந்து கொடுத்தனுப்பிய இலவம்பஞ்சுத் தலையணை, என் கல்யாணத்துக்குத் தைத்தது. பழைய பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி ஏராளமாக வளரும். காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் செழிக்கும். நம் மாவட்டத்துக்கு எடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை தலையணை வெயில் காண்கிற நாள் குறைவு. பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூனில், சளி வைரஸ் வீட்டுக்கு வருவதும் அதே ஜூனில். பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்பிவிடுவதில் அந்தச் சாதாரணச் சளி வைரஸுக்குத்தான் முதலிடம். தலையணையை மாற்றி, உறைகளையும் விரிப்புகளையும் வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறப்போட்டேன். சுவரில் பூத்த பூஞ்சையைச் சுரண்டி அடித்தோம். இதனால் எல்லாம் நோய் போய்விடாது. எழும்புகிற இரவுகள் குறைந்தன, அவ்வளவுதான்.

நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்தது பம்புதான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். "பம்பு அடிச்சா பழகிப்போயிரும், பொம்பளப் பிள்ளை, நாளைக்கு யாரு கேப்பா" என்று சொன்னவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. பழகிப்போவதற்கு அதில் போதை ஒன்றும் இல்லை. வீக்கத்தைக் குறைக்கும் தடுப்பு மருந்தை மைக்ரோகிராம் கணக்கில் நேரே குழாய்க்குள் அனுப்புகிறார்கள். சிரப்பாகவும் மாத்திரையாகவும் கொடுத்தால் அதைவிடப் பல மடங்கு மருந்து உடம்பு முழுக்கச் சுற்ற வேண்டும். பம்புக்கும் முகமூடிக்கும் நடுவில் மாட்டுகிற ஸ்பேசர் என்ற குழாயை வைத்து, முகமூடியை இறுக்கிப் பிடித்து, பம்பைக் குலுக்கி, ஒரு நேரத்தில் ஒரே அடி, பிள்ளை ஐந்தாறு தடவை மூச்சு விடும் வரை எடுக்காமல். தடுப்பு மருந்துக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துணியால் துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும், துடைத்தால் உள்சுவரில் மருந்து ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு அடிக்கிற பம்பின் பலன் நான்கு மணி நேரம்கூட நிற்கவில்லை என்றால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் அடித்த அன்று எங்கள் பின்பக்கத் தோட்டத்தில் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத கரையோரத்து வீடுகளை நினைத்தால் எங்கள் கஷ்டத்தைச் சொல்லவே கூசுகிறது. கரண்ட் கம்பங்கள் விழுந்து எங்கள் தெரு எட்டு நாள் இருட்டில் கிடந்தது. வீட்டில் ஆசைப்பட்டு வாங்கிய நெபுலைசர் மெஷின் அலமாரியில் சும்மா இருந்தது. மூன்றாம் இரவு மகளுக்கு இழுப்பு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஸ்பேசரையும் பம்பையும் வைத்துத்தான் சமாளித்தேன். அரை மணியில் மூச்சு 42-லிருந்து 30-க்கு வந்தது. நோட்டில் அந்தப் பக்கத்தில் மெழுகு சொட்டிய வடு இன்னும் இருக்கிறது. வீட்டில் ஸ்பேசர் இருந்தால் மெஷினுக்குப் பணம் செலவழிக்காதீர்கள் என்று அன்றிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். சரியாகப் பிடித்துக் கொடுத்தால், சாதாரண இழுப்புக்கு அது நெபுலைசருக்குக் குறைந்ததில்லை.

அடுத்த வருஷம் ஒரு மருந்து மாற்றத்தின்போது நோட்டு வேறொரு விதத்தில் உதவியது. இரவில் கொடுக்கச் சொல்லி மாண்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா மருந்தைச் சேர்த்திருந்தார்கள். மூன்றாம் இரவிலிருந்து பிள்ளை அலறிக்கொண்டு எழும்பினாள். இருமல் இல்லை, மூச்சு 25. கெட்ட கனவு. பகலில் எதற்கெடுத்தாலும் கோபம். யாராவது பயமுறுத்தியிருப்பார்கள் என்று மாமி திருஷ்டி சுற்றினார்கள். நான் தேதிகளைப் பார்த்தேன், மருந்து தொடங்கிய தேதிக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. டாக்டரிடம் காட்டியதும் நிறுத்தினார், ஒரு வாரத்தில் சரியானது. 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே மருந்துக்கு, மனநிலை, தூக்கம் இவற்றில் பாதிப்பு வரலாம் என்று மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வராது, நிறையப் பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அந்த மருந்து நம் ஊரில் தண்ணீர் மாதிரி எழுதப்படுகிறது. எழுதித் தந்தால் இரவுகளைக் கவனியுங்கள், மாற்றம் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இருமல் சிரப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் விஷம் கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்தார்கள். அந்த அக்டோபரில் மத்திய அரசு, 2 வயதுக்குள் இருமல், சளி மருந்துகள் கூடவே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவித்தது. இரவு இருமலை அடக்கிவிட்டால் அம்மாவுக்குத் தூக்கம் வரும், அது உண்மை. ஆனால் உள்ளே குழாய் சுருங்கிக்கொண்டிருப்பது அப்படியே இருக்கும்.

கொரோனா காலத்தில் எல்லோரையும் போல நாங்களும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வாங்கினோம். அதன் அடிப்படையைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி 2020 ஏப்ரலில் காலமானார், உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த அதே மாதத்தில். கருவி நல்லதுதான். ஆனால் பெரியவர்களுக்கான கிளிப் சின்ன விரலில் சரியாக உட்காராது. கை குளிர்ந்திருந்தாலும், பிள்ளை அசைந்தாலும், விரல் நகத்தில் மருதாணியோ பாலிஷோ அழுத்தமாக இருந்தாலும் எண் தப்பாக வரலாம். அரை நிமிடமாவது எண் ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் எழுதுவேன். 92-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி, அதில் கேள்வி இல்லை. அதற்கு மேலே இருக்கிறது என்று நிம்மதியாகிவிடவும் முடியாது. விலா இழுத்துக்கொண்டே உடம்பு பாடுபட்டு 96-ஐப் பிடித்து வைத்திருக்கும், களைத்துப்போனால் ஒரேயடியாக இறங்கும். எனவே மாமி சொன்ன மாதிரி முதலில் விலா, பிறகுதான் விரல்.

மகளுக்கு ஆறு வயதானதும், ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் கொடுத்தார்கள். ஒரு குழாயில் முழுவேகத்தில் ஊத வேண்டும், மூன்று தடவை ஊதி அதில் பெரியதை எழுத வேண்டும், காலையிலும் மாலையிலும். நன்றாக இருக்கும் நாட்களில் அவளுடைய உச்சம் எவ்வளவோ, அதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் கவனம், பாதிக்குக் கீழே போனால் அவசரம். அந்தக் கணக்கை அவளே போட்டு அவளே எழுதினாள். இப்போது அவளுக்கு 12 வயது. கடைசியாக இரவில் இழுப்பு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சரி, குறட்டைக்கு வருகிறேன்.

மகன் 2018-இல் பிறந்தவன். அவனுக்கு இழுப்பு இல்லை. அந்த நிம்மதியில் நான் அவனுடைய இரவுகளைப் பார்க்கவே இல்லை. ஐந்து வயதிலிருந்து குறட்டை. "அப்பனை மாதிரியே, என்ன அயர்ந்த தூக்கம்" என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம், வீடியோ காலில் அவருக்குக் கேட்கவைப்போம். வாய் திறந்தே இருக்கும், உதடு வெடித்திருக்கும். கழுத்தைப் பின்னால் வளைத்துத்தான் தூங்குவான். தலை வியர்த்துத் தலையணை நனைந்திருக்கும். நின்றுபோயிருந்த படுக்கையில் ஒன்றுக்குப் போகிற பழக்கம் மறுபடி வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான், எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடுகிறான் என்று புகார். குறும்பு என்று நானும் அடித்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது. தூக்கம் கெட்ட பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள், தூக்கம் கெட்ட பிள்ளைகள் பெரும்பாலும் துறுதுறுவென்று ஆடுவார்கள். இது எனக்குத் தெரியாது.

மகள்தான் சொன்னாள். அக்காவும் தம்பியும் ஒரே அறையில். "அம்மா, இவன் ராத்திரி மூச்சு விடவே மாட்டேங்கிறான்." பத்து மணிக்கு அவன் தூங்கியதும் போய் வீடியோ எடுத்தேன். சாதாரணக் குறட்டை. மூன்று நாள் எடுத்தேன், அப்படியே. அவள் விடவில்லை. "அப்போ இல்ல, விடியக்காலம்." நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழும்பிப் போனேன்.

குறட்டை ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. அறை அமைதியானது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். நெஞ்சும் வயிறும் எதிரும் புதிருமாக அசைகின்றன, ஒன்று மேலே போனால் மற்றது கீழே. மூக்குக்கு முன்னால் விரலை வைத்தேன், காற்று இல்லை. எட்டு வரை எண்ணியிருப்பேன். பிறகு ஒரு பெரிய திணறலோடு மூச்சு வந்து, புரண்டு படுத்து, மறுபடி குறட்டை. ஐந்து நிமிட வீடியோவில் நான்கு தடவை.

கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்துபோகும், தொண்டைத் தசையும் சேர்த்து. அந்தத் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்ற சதையும், தொண்டையில் டான்சிலும் வீங்கிக் கிடந்தால், அந்த நேரத்தில்தான் வழி முழுதாக அடைபடும். இரண்டு மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரைதான் இவை உடம்பின் அளவுக்கு மிகப் பெரிதாக இருக்கும். அதனால் பத்து மணி வீடியோவை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவு செய்யாதீர்கள். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை விடுகிற பிள்ளையை, சளி இல்லாத நாட்களிலும் விடுகிற பிள்ளையை, விடியற்காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் வீடியோவைப் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் ஒரு இரவு தூக்கச் சோதனைக்கு அனுப்பினார். தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் வயர்களை ஒட்டி, மூக்கில் ஒரு குழாயை வைத்து, நான் பக்கத்துக் கட்டிலில். பிள்ளைகளுக்கு மணிக்கு ஒன்றுக்கு மேல் மூச்சு தடைபட்டாலே இயல்பு இல்லை என்கிறார்கள். இவனுக்கு மணிக்கு 12. அறுவை என்று முடிவானது. எல்லோருக்கும் உடனே அறுவை வேண்டியதில்லை. 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 5 முதல் 9 வயது வரையுள்ள 464 குழந்தைகளைப் பார்த்தார்கள். ஏழு மாதத்தில், அறுவை செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கச் சோதனை இயல்பானது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்கு இயல்பாகியிருந்தது. லேசாக இருந்தால் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயோடு சில மாதம் பார்க்கலாம். எந்தப் பக்கம் போவது என்பதை அந்தச் சோதனையும் பிள்ளையின் பகல்களும் சேர்ந்து சொல்லும்.

2025 கோடை விடுமுறையில் அறுவை நடந்தது. என் வீட்டுக்காரர் ஒரு மாத லீவில் வந்திருந்தார். முதல் வாரம் வீக்கத்தால் சத்தம் இன்னும் இருந்தது, வாய் நாறியது, ஐஸ்கிரீமும் ஆறிய கஞ்சியும்தான் சாப்பாடு. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை புண் உதிரும்போது ரத்தம் வரலாம், வந்தால் ஒரு சொட்டானாலும் வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்த இரவுகளெல்லாம் நாங்கள் மாறி மாறி விழித்திருந்தோம்.

பன்னிரண்டாம் இரவு எனக்கு வழக்கம்போல மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. பக்கத்து அறையில் சத்தமே இல்லை. ஒரு நொடி பயந்துபோய் ஓடினேன். வாய் மூடியிருந்தது. அவன் வாயை மூடித் தூங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சட்டையைத் தூக்கிவிட்டு உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். ஜன்னலுக்கு வெளியே விளக்குகள் நகர்ந்துகொண்டிருந்தன.

பக்கத்தில் படுத்திருந்த மகள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "எத்தனைம்மா?"

"இருபது."

"எழுதிரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.